மணிக்கு ஒரு டம்ளர் பால்

அத்தியாயம் 11

"இந்த வருஷம் நான் நோன்பு பிடிக்கத்தான் போறேன்" என்று சென்ற வாரம் கமாலுதீன் சொன்னபோது, கோபத்தில் சொல்கிறார், விடிந்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். இன்று நாலாவது நோன்பு. இன்னும் சரியாகவில்லை.

கமாலுதீனைத் தெரியாதவர்கள் 1934-இல் பினாங்கில் இருந்திருக்கலாம். சூலியா தெருவில் இருந்திருக்க முடியாது. அவருடைய நாசி கண்டார் சோற்றுக்கடையில் மீன் தலைக் கறிக்காகத் துறைமுகக் கூலிகளும் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாக்களும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். அந்தக் கறியை இருபது வருஷம் ருசி பார்த்த வயிற்றில்தான் புண் வந்தது.

டாக்டர் ராமதாஸ் சொன்ன வைத்தியம் சுலபமானது. காலை ஏழு மணியிலிருந்து இரவு ஏழு மணி வரை, மணிக்கு ஒரு சின்ன டம்ளர் ஆடை கலந்த பால். நடுவில் ஒவ்வொரு அரை மணிக்கும் ஒரு பொட்டலம் வெள்ளைப் பவுடர். காரம், காப்பி, சுருட்டு, புகையிலை நான்குக்கும் தடை. சீமையில் பெரிய டாக்டர்களே இதைத்தான் செய்கிறார்கள் என்றார். பொய் சொல்லவில்லை.

அப்படியே பதினாலு மாதம் ஓடியது. மனைவி மஹ்பூபா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. வலி முதல் மாதத்திலேயே போய்விட்டது. கன்னம் உப்பியது. "பால் குடிச்சு புது மாப்பிள்ளை ஆயிட்டாரே" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கண் வைத்தார்கள்.

தொல்லை அதற்கப்புறம்தான். தலைவலி, எவ்வளவு குடித்தாலும் தீராத தாகம், அதற்கேற்ற கொல்லைப்பக்க நடை. யாரையும் அதட்டிப் பேசாத மனிதர் ஈ பறந்தால்கூட எரிந்து விழுந்தார். பாலைக் கண்டாலே குமட்டியது. போன மாதம் முதல் வாந்தி. புண் முற்றி வயிற்றின் வாசலை அடைத்திருக்கும் என்று சந்தேகப்பட்ட டாக்டர், பாலையும் பவுடரையும் இரட்டிப்பாக்கச் சொன்னார். நாலு நாளில் குணம் தெரியாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து வயிற்றை அறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

கமாலுதீன் இரட்டிப்பாக்கவில்லை. நோன்பு என்று சொல்லி இரண்டையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். கெடு இன்றோடு முடிகிறது. மாலையில் ஆஸ்பத்திரி, நாளைக் காலையில் கத்தி.

வயிற்றை அறுக்கப் போன இரண்டு பேரை மஹ்பூபாவுக்குத் தெரியும். அதில் ஒருவர்தான் திரும்பி வந்தார்.

காலை ஏழு அடித்தபோது அவள் பழக்கத்தில் அடுக்களைக்குப் போய் டம்ளரை எடுத்துவிட்டாள். அப்புறம்தான் நினைவு வந்து வைத்தாள். வாசலில் ஆயர் ஈத்தாமிலிருந்து பால் கொண்டுவரும் பிச்சைமுத்து சைக்கிள் மணியை அடித்தான்.

"இன்னைக்கும் வேணாம் பிச்சைமுத்து."

"என்னக்கா இது, நாலு நாளாச்சு. எங்க மாட்டுக்கும் நோன்பான்னு என் சம்சாரம் கேக்குது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உள்ளே கமாலுதீன் சிரித்தார். மஹ்பூபா திடுக்கிட்டுத் திரும்பினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு அரை வருஷம் இருக்கும்.

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"தலைவலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"இல்லை."

"குமட்டல்?"

"அதுவும் இல்லை. விடியறதுக்கு முன்னால சஹருக்குக் குடிச்ச கஞ்சித் தண்ணிகூடத் தங்கிடுச்சு. நாளைக்கு அறுத்தா அறுக்கட்டும், இன்னைக்கு என்னை நிம்மதியா விடு."

சாகப்போகிற மனிதனுக்குக் கடைசியில் ஒரு தெளிச்சல் வரும் என்பார்களே, அதுதானோ இது? இல்லை, இது நிஜமான குணமோ? எதை நம்புவது என்று தெரியவில்லை. தெரியாததுதான் அவளுக்குப் பெரிய பயமாக இருந்தது.

பத்து மணிக்குக் கமாலுதீனின் தம்பி முகம்மது கனி வந்தான். அண்ணன் படுத்ததிலிருந்து கடையைப் பார்த்துக்கொள்வது அவன்தான். நோன்பு மாதம் என்பதால் பகலில் கடை இல்லை. ஒரு கையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் புதுப் போர்வை, இன்னொரு கையில் மூடி போட்ட தூக்கு. தெருமுனையில் பிச்சைமுத்துவை மடக்கிப் பால் வாங்கி, தன் வீட்டில் காய்ச்சி எடுத்து வந்திருந்தான்.

"அண்ணே, சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. இப்பவாவது குடிங்க. குடிச்சா கத்தி வேணாம்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

"நோன்புடா."

"நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை. பள்ளிவாசல்ல கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். விட்ட நோன்பைப் பின்னால களா பண்ணிக்கலாம்."

"பின்னாலன்னு ஒண்ணு இருந்தா பண்ணிக்கலாம்."

கனியின் முகம் சுருங்கியது. அண்ணன் என்றால் அவனுக்கு உயிர். பன்னிரண்டு வயதில் கப்பலேறி வந்தவனைத் தோளில் சோறு விற்கும் காவடிக் கூடை ஏற்றாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய அண்ணன். அந்த உயிரைக் காப்பாற்ற அவனுக்குத் தெரிந்த ஒரே வழி பால்தான். டம்ளரில் ஊற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

கமாலுதீன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது அவர் வலது கை தானாக நகர்ந்து தலைமாட்டிலிருந்த வெற்றிலைப் பெட்டியைத் திறக்கப் போனது. மூடியில் விரல் பட்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"ச்சே, நோன்பு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வெற்றிலை கமாலுதீனுக்குப் புதிதல்ல. ஆனால் காரமும் காப்பியும் சுருட்டும் போன பிறகு அவருக்கு மிஞ்சியிருந்த சுகம் அது ஒன்றுதான். டாக்டர் புகையிலையை விடச் சொன்னார், விட்டார். அந்தக் குறையைத் தீர்க்கச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார். பாலைக் குடித்துச் சப்பென்றுபோன வாய்க்கு அது உறைப்பாக இருந்தது. டம்ளர் காலியானதும் ஒன்று, பவுடர் போட்டதும் ஒன்று என்று நாளைக்கு இருபது இருபத்தைந்து தடவை. இரண்டு நாளில் சுண்ணாம்பு டப்பி காலியாகும். நிரப்பி வைப்பது மஹ்பூபாதான்.

அவள் குனிந்து டப்பியைத் திறந்து பார்த்தாள். நோன்புக்கு முதல் நாள் நிரப்பியது, முக்கால்வாசி அப்படியே இருந்தது. இரண்டை நிறுத்தினார் என்றுதான் இத்தனை நாளும் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தியது மூன்று.

"தம்பி, வெத்தலை போட்டா நோன்பு முறிஞ்சிடும், இல்லையா?"

கனி எரிச்சலாகப் பார்த்தான். "இதென்ன மதினி, பச்சப்புள்ளைக் கேள்வி? முறியும். சாறு உள்ள போகுதுல்ல. அதுவும் தீனிதானே."

"தீனிதான்," என்றாள் மஹ்பூபா.

பதினாலு மாதமும் டாக்டர் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. பால், பவுடர் தவிர வேறு ஏதாவது தின்கிறாரா? இல்லை என்றுதான் அவளும் சொன்னாள், கனியும் சொன்னான், கமாலுதீனும் சொன்னார். யாரும் ஏமாற்றவில்லை. வெற்றிலை போடுவதைத் தின்பது என்று யார் சொல்வார்கள்? நோன்பு மாதத்தில் மட்டும்தான் அது தீனி.

அவள் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு டப்பியை இடுப்பில் செருகினாள்.

"எங்க மதினி கிளம்பிட்டீங்க?"

"டாக்டரைப் பார்க்க. நீங்க இங்கயே இருங்க தம்பி. நான் வர்ற வரைக்கும் அந்த டம்ளர் அவர் பக்கத்துல போகக்கூடாது."

பினாங்கு ரோட்டிலிருந்த டிஸ்பென்சரியில் பெண் ஒருத்தி தனியாக ரிக்‌ஷாவில் வந்து இறங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். மஹ்பூபா யாரையும் பார்க்கவில்லை.

டாக்டர் ராமதாஸ் கெட்ட மனிதரல்ல. சிங்கப்பூரில் படித்தவர், ஏழைகளிடம் பீஸ் கேட்கக் கூச்சப்படுபவர். ஆனால் சொன்னதைக் கேட்காத நோயாளியைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது.

"என்னம்மா, பிடிவாதம் விட்டாச்சா? ஆஸ்பத்திரில சொல்லி வச்சிருக்கேன்."

"நாலு நாளா வாந்தி இல்லை டாக்டர். தலைவலியும் இல்லை. காலையில சிரிச்சாரு."

"பாலை நிறுத்தினா வாந்தி நிக்கும். வயித்துல ஒண்ணும் இல்லாட்டி எதை வாந்தி எடுக்கிறது? அதை வச்சுக் குணம்னு சொல்ல முடியாது."

அவள் டப்பியை மேசைமேல் வைத்தாள்.

"இந்தச் சுண்ணாம்பு அவருக்கு ரெண்டு நாளைக்குத்தான் வரும். பதினாலு மாசமா இப்படித்தான். உங்ககிட்ட நாங்க சொல்லலை. வெத்தலையைச் சாப்பாடுன்னு நினைக்கலை."

டாக்டர் டப்பியைத் திறந்து பார்த்தார். பிறகு மருந்து நிறுக்கும் தராசில் சுண்ணாம்பை எடுத்து வைத்து நிறுத்தார். காகிதத்தில் ஏதோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். அலமாரியிலிருந்து ஒரு வைத்தியப் பத்திரிகைக் கட்டை இறக்கித் தூசி தட்டினார்.

கமாலுதீனின் சிவந்த உதட்டை அவர் மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தவர்தான். ஆனால் அவர் வீட்டிலும் எல்லோருக்கும் உதடு சிவப்புத்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிற ஒன்று யார் கண்ணிலும் தனியாகப் படுவதில்லை.

"பால்ல சுண்ணாம்புச் சத்து இருக்கும்மா," என்றார் கடைசியில். "என் பவுடர்ல சோடா உப்பும் சுண்ணக்கட்டியும். அதுக்கு மேல இது. எல்லாம் ஒரே ரத்தத்துலதான் போய்ச் சேருது. அதைக் கழுவ வேண்டியது கிட்னி. எவ்வளவுதான் கழுவும்? தாகம், தலைவலி, கோபம், குமட்டல் எல்லாத்தையும் நான் வயித்துலயே தேடிட்டு இருந்தேன்."

"வெத்தலை போடாம இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காதா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டாக்டரின் தலைமேல் பாரம் இருந்திருக்காது. அவருக்கும் அது தெரியும். அவர் சொல்லவில்லை.

"தெரியலைம்மா. பாலும் பவுடரும் மட்டும் எடுத்தவங்கள்ல சில பேருக்கும் இப்படி ஆகியிருக்குன்னு இதுல எழுதியிருக்கான். பத்து வருஷமா எழுதுறாங்க. நானும் படிச்சிருக்கேன். சில வாரம் கொடுத்து நிறுத்திப் பார்க்க வேண்டிய வைத்தியம் இது. வலிதான் இல்லையேன்னு நான் பதினாலு மாசம் விட்டுட்டேன். வெத்தலை கூடச் சேர்ந்து சீக்கிரம் காட்டிக்கொடுத்திருக்கு, அவ்வளவுதான்."

மஹ்பூபாவுக்கு அழுகை வந்தது. "என் கையாலதான் டாக்டர் ஊத்திக் குடுத்தேன். வேணாம் வேணாம்னாரு. அதட்டி அதட்டிக் குடுத்தேன்."

"எழுதிக் கொடுத்தது நான்," என்றார் டாக்டர்.

மாலை நாலு மணிக்கு அவர் தன் காரில் வீட்டுக்கே வந்தார். கண்ணைப் பிரித்துப் பார்த்தார். காலை அழுத்திப் பார்த்தார். கையில் ஊசி போட்டு ஒரு குழாய் ரத்தம் எடுத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு அறுவை இல்லை. பால் கூடாது, பவுடர் கூடாது, சுண்ணாம்பு கூடவே கூடாது. வெள்ளிக்கிழமை ரத்த ரிசல்ட் வரும், அதுவரைக்கும் இந்த மூணையும் தொடக்கூடாது. கிட்னி எவ்வளவு கெட்டிருக்குன்னு அப்பத்தான் தெரியும். தானா தேறவும் செய்யலாம். தேறாமலும் போகலாம். இப்ப ஒரு வேலை பாக்கி. தண்ணி குடிங்க, நிறைய."

"பாங்கு சொன்னதும் குடிக்கிறேன் டாக்டர்."

"இப்பவே குடிக்கணும்."

கமாலுதீன் அவரை உற்றுப் பார்த்தார். "நோன்பு பிடிச்சதாலதானே தப்பிச்சேன்? அதையே முறிக்கச் சொல்றீங்க."

"பாலை நிறுத்தினது நல்லது. தண்ணியை நிறுத்தினது கெட்டது. ரெண்டையும் சேர்த்துத்தான் நிறுத்தியிருக்கீங்க. சுண்ணாம்பை வெளியேத்த கிட்னிக்குத் தண்ணி வேணும்."

மஹ்பூபா ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து நின்றாள். அவர் செம்பைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். நாலு நாளாக அவரை மனிதனாக உட்கார வைத்த நோன்பு அது. பாதி வழியில் அதை விடுவது அவருக்கு அவமானமாக இருந்தது. கண் கலங்கியது. "யா அல்லாஹ், நீ பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"கஞ்சி கொடுக்கலாமா டாக்டர்?" என்று கேட்டான் கனி.

"நீர்க்க, தேங்காய்ப்பால் இல்லாம கொடுங்க. ஒண்ணு சொல்லிடுறேன், கேட்டுக்குங்க. பாலும் பவுடரும் புண்ணை மூடிப் பிடிச்சு வச்சிருந்துச்சு. அது பொய் இல்லை. நிறுத்தினா பழைய வலி வரலாம். வந்தா வெந்நீர் ஒத்தடம் கொடுங்க, தாங்கிக்கட்டும். வாந்தில ரத்தம் தெரிஞ்சா உடனே ஆள் அனுப்புங்க. எட்டு மணிக்கு நானே மறுபடி வரேன்."

அவர் போனதும் மஹ்பூபா கஞ்சி வைத்தாள். பதினாலு மாதத்துக்கப்புறம் சோற்றுப் பருக்கையை வாயில் வைத்த கமாலுதீன் மூன்று கரண்டி வாங்கிக் குடித்தார். "உப்பு பத்தலை," என்றார். கடைக்காரர் பேச்சு திரும்பிவிட்டது என்று கனி வாய்விட்டுச் சிரித்தான். கொண்டுவந்த போர்வையைத் திரும்ப எடுத்துப்போகச் சுருட்டி வைத்தான்.

சந்தோஷம் ஒன்றரை மணி நேரம் நீடித்தது.

பொழுது சாய்கிற நேரம். மஹ்பூபா தட்டில் பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அறையிலிருந்து முனகல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். கமாலுதீன் முழங்காலை மடக்கி நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. பதினாலு மாதத்துக்கு முந்தைய அதே வலி.

ஒத்தடம் கொடுத்தாள். துணி ஆறிப்போனது, மறுபடி நனைத்தாள். பயனில்லை.

"பால்," என்றார் அவர். "மஹ்பூபா, ஒரே ஒரு வாய் பால் குடு."

போன மாதமெல்லாம் அவள் நீட்டிய டம்ளரைத் தட்டிவிட்ட கை, இப்போது அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. பால் குடித்தால் அரை நிமிஷத்தில் வலி அடங்கும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கேடு செய்ததும் அதுதான், ஆற்றப்போவதும் அதுதான் என்றால் மனிதன் எங்கே போவான் என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

கனி அடுக்களைக்குப் பாய்ந்தான். காலையில் கொண்டுவந்த தூக்கில் பால் மிச்சமிருந்தது. டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தான். வந்த அவசரத்தில் பாதி வழியெல்லாம் சிந்தியது.

"வழி விடுங்க மதினி."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் கூடாதுன்னு டாக்டர் சொன்னது உங்க காதுலயும் விழுந்துச்சுல்ல?"

"துடிக்கிறாரு, பாக்கலையா நீங்க? ஒரு டம்ளர்ல என்னலா ஆகிடும்?"

"பதினாலு மாசமும் ஒவ்வொரு டம்ளராத்தான் தம்பி குடுத்தேன்."

கனி அழுதுவிட்டான். அழுதுகொண்டே டம்ளரை நீட்டினான். நீங்களே கொடுங்கள் என்பதுபோல் அவள் கையில் வைத்தான். கட்டிலிலிருந்து கமாலுதீன் தலையைத் தூக்கி வாயைத் திறந்தார்.

அப்போது கப்பித்தான் பள்ளிவாசலிலிருந்து நோன்பு திறக்கும் மஃரிபு பாங்கு கேட்டது.

மஹ்பூபாவும் விடியற்காலையிலிருந்து நோன்புதான். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "பிஸ்மில்லாஹ்," என்று சொன்னாள். கணவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பாலைத் தன் வாயில் வைத்துக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். டம்ளரைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

கமாலுதீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் இருந்தது வெறுப்பு. இரண்டு மணி நேரத்துக்கு முன் அவள் கையால் கஞ்சி வாங்கிக் குடித்த மனிதர் அவர்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பல்லைக் கடிச்சுத் தாஹான் பண்ணுங்க," என்று சொல்லி அவள் அவர் கையைப் பிடித்தாள். "அதுக்கப்புறம் என்னை என்ன வேணா சொல்லுங்க."

இன்று செவ்வாய்க்கிழமை.